அறுவை சிகிச்சைக்குப் பின்னும் தொடரும் முதுகுவலி: நிவாரணமும் நமது கடமையும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

ஒவ்வோர் ஆண்டும் இக்கூட்டத்தில் மருத்துவ உதவிக் குழுவின் வரவு செலவுக் கணக்கை வாசித்துவிட்டு அமர்ந்துவிடுவது எங்கள் வழக்கம். எத்தனை பேருக்கு உதவினோம், எவ்வளவு தொகை வழங்கினோம் என்பதோடு எங்கள் பணி நிறைவு பெற்றதாகக் கருதி வந்தோம். இவ்வாண்டு அக்கணக்கோடு சேர்த்து, நாங்கள் செய்த தவறு ஒன்றையும் உங்கள் முன் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அத்தவற்றிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டவை இங்கு அமர்ந்திருக்கும் பலருக்கும் பயன்படும் என்பதாலேயே இவ்வுரைக்குத் தலைவர் அவர்களிடம் நேரம் கேட்டுப் பெற்றோம்.

நமது மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவரின் நிலையை முதலில் கூறுகிறோம். அவருடைய இசைவைப் பெற்றே கூறுகிறோம். பெயரைக் கூறப் போவதில்லை. கேரட், உருளைக்கிழங்கு மூட்டைகளை லாரியில் ஏற்றி இறக்குவது அவர் தொழில். பல ஆண்டுகள் சுமை தாங்கிய முதுகு ஒரு மழைக்காலத்தில் தளர்ந்துவிட்டது. இடுப்பில் தொடங்கிய வலி பின்தொடை வழியே இறங்கி இடது பாதம் வரை மின்னல் வெட்டுவதுபோல் வெட்டியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், ஜவ்வு என்று நாம் கூறும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிந்தது. மருந்தும் ஓய்வும் பலன் தராத நிலையில் மருத்துவர்கள் அறுவை சிகிச்சைக்குப் பரிந்துரைத்தார்கள். காப்பீட்டுத் திட்டத்தில் கிடைத்தது போக மீதித் தொகைக்காக ஒரு ஜும்ஆவுக்குப் பின் நாங்கள் துண்டேந்தி நின்றோம். நீங்களும் மனமுவந்து வழங்கினீர்கள். சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. கால்வலி பெரிதும் குறைந்து அவர் ஊர் திரும்பியபோது நாம் அனைவரும் மகிழ்ந்தோம்.

நான்கு மாதங்கள் கழித்து வலி திரும்பியது. இடுப்பில் ஓயாத கனம். இரவில் காலில் எரிச்சல். உட்கார்ந்தாலும் வலி, நின்றாலும் வலி. அவர் வேலைக்குச் செல்லவில்லை. ஊரில் பேச்சு எழுந்தது. ஆபரேஷனுக்குக் காசு வாங்கியவர் உழைக்க மனமின்றி நடிக்கிறார் என்று சிலர் கூறினார்கள். அப்பேச்சு எங்கள் காதுக்கும் வந்தது. நாங்கள் அதை மறுத்துரைக்கவில்லை.

அந்நாட்களில் அவர் எங்கள் குழுவிடம் வந்து ஒரு சிறு உதவி கேட்டார். வாரம் இருமுறை பிசியோதெரபி பயிற்சிக்குச் சென்றுவரப் பேருந்துக் கட்டணமும் பயிற்சிக் கட்டணமும் வேண்டும் என்றார். மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு மட்டுமே உதவி என்பது எங்கள் விதி. அவ்விதியைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பினோம். பல மாதங்கள் சென்றபின், இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு உதவி கேட்டு அவரே விண்ணப்பம் கொடுத்தார். அதை ஒரே அமர்வில் ஏற்றுக்கொண்டோம்! நூறு ரூபாய்க்கு மறுத்த கை லட்ச ரூபாய்க்கு உடனே கையொப்பமிட்டது. சகோதரர்களே, எங்கள் தவறு இதுதான்.

நல்வாய்ப்பாக, அந்த விண்ணப்பத்தையும் ஸ்கேன் படங்களையும் வேறொரு மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்க ஏற்பாடு செய்தோம். அவர் படங்களைப் பார்த்தார். சகோதரரை நடக்கச் சொல்லி, குனியச் சொல்லி, கால்களின் வலுவைச் சோதித்தார். பிறகு எங்களைப் பார்த்து, "மீண்டும் அறுக்க இங்கே ஒன்றும் இல்லை. ஆனால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. இதுவரை பயிற்சிக்கு எங்கே போய் வந்தார்?" என்று கேட்டார். நாங்கள் தலை கவிழ்ந்தோம். திரும்பும் வழியில் அச்சகோதரர் எங்களிடம் கூறியதை அவர் சொன்னபடியே கூறுகிறோம்: "பாய், கால் உடைஞ்சு கட்டுப் போட்டிருந்தா எல்லாரும் பாவம்னு சொல்வாங்க. என் வலிக்கு மேல கட்டு இல்லை. அதனால நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறாங்க."

வலி ஏன் அகலவில்லை?

அச்சகோதரர் பொய் கூறவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் மூன்று மாதங்களுக்கு மேலும் நீடிக்கும் வலியை, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய் வகைப்பாடு தனியொரு நோயாகவே குறித்துள்ளது. முதுகெலும்பு அறுவைக்குப் பின் தொடரும் வலி அதில் ஒரு வகை. ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை வேறுபட்டாலும், முதுகில் அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் நாற்பது பேர் வரை ஏதோ ஓர் அளவில் வலி தொடர்கிறது என்று மருத்துவ நூல்கள் பொதுவாகக் கூறுகின்றன. ஆகவே இது அபூர்வமான துன்பமன்று.

டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதே இத்தகைய கால்வலிக்குக் காரணமாகலாம் என்பதையும், அறுவை மூலம் அவ்வழுத்தத்தை நீக்கலாம் என்பதையும் 1934ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் விளக்கினார்கள். அன்று முதல் உலகெங்கும் எண்ணற்றோர் இதனால் நலம் பெற்றுள்ளனர். அறுவை சிகிச்சையை நாங்கள் குறை கூறவில்லை. நரம்பின் மீதுள்ள அழுத்தத்தை நீக்குவது அதன் வேலை. அழுத்தத்தால் வந்த கால்வலி அதனால் நன்கு குறையும். இடுப்பு வலிக்கோ வேறு பல காரணங்களும் உண்டு; அவை கத்திக்குக் கட்டுப்படுவதில்லை.

அக்காரணங்கள் எவை? நெடுநாள் நசுங்கிக் கிடந்த நரம்பு, அழுத்தம் நீங்கியபின்னும் மெதுவாகவே தேறும். சில நேரம் முழுமையாகத் தேறாது. அறுத்த இடத்தில் உருவாகும் தழும்பு நரம்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளலாம். அதே டிஸ்க் மீண்டும் பிதுங்கலாம். திருகாணி வைத்து எலும்புகளை இணைத்திருந்தால், அதற்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் கூடுதல் சுமை தாங்கி வலிக்கலாம். மாதக்கணக்கில் அசையாமல் கிடந்ததால் முதுகுத் தசைகள் மெலிந்திருக்கலாம். இவற்றோடு, நெடுநாள் வலியைச் சுமந்த நரம்பு மண்டலம் சிறு தொடுதலையும் பெருவலியாக உணரும் நிலைக்கு வந்துவிடுவதும் உண்டு. காயம் ஆறியபின்னும் எச்சரிக்கை மணி ஓயாது அடித்துக்கொண்டிருப்பதைப் போன்றது அது. மணி அடிப்பது மெய். அதைக் கேட்பவருக்கு வலிப்பதும் மெய்.

டிஸ்க் பற்றிய ஓர் ஆய்வு நமக்கு அருகிலுள்ள கோயம்புத்தூரிலேயே நடந்தது. கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் அவர்களும் அவரது குழுவினரும், இரத்தத்தில் செலுத்திய மருந்து டிஸ்கின் உட்பகுதியை எவ்வாறு சென்றடைகிறது என்பதைத் தொடர்ச்சியான எம்.ஆர்.ஐ. படங்கள் வாயிலாக ஆராய்ந்தார்கள். இடுப்பு முதுகெலும்பு ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2004ஆம் ஆண்டில் அவ்வாய்வுக்குப் பரிசளித்தது. டிஸ்கின் நடுப்பகுதிக்கு நேரடி இரத்த ஓட்டம் கிடையாது. அருகிலுள்ள எலும்பிலிருந்து மெல்லிய தகடு வழியே ஊறி வருவதே அதற்கு உணவு. அது சென்று சேரப் பல மணி நேரமாகும். இப்படி மெதுவாக ஊட்டம் பெறும் ஓர் உறுப்பு பழுதுபட்டால், அது மெதுவாகத்தான் தேறும் என்பதை நாம் உணர வேண்டும். புகைபிடிப்போர் இந்தக் குறைந்த ஊட்டத்தையும் மேலும் குறைத்துக்கொள்கிறார்கள். முதுகுவலியோடு பீடி, சிகரெட் பிடிக்கும் நம் சகோதரர்களுக்கு இதுவே முதல் மருந்துச் சீட்டு.

முதலில் செய்ய வேண்டியது

வலி திரும்பினால் முதலில் மருத்துவரிடம் சென்று காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சில அறிகுறிகள் தோன்றினால் ஒரு நாள்கூடப் பொறுத்திருக்கலாகாது. சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், சிறுநீர் கழியாமல் அடைத்துக்கொள்ளுதல், மறைவிடத்தைச் சுற்றி மரத்துப் போதல், பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்குதல், காய்ச்சலோடு கூடிய வலி, அறுத்த இடத்தில் சீழ் அல்லது வீக்கம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை அவை. இவற்றுள் முதல் நான்கும் மணிக்கணக்கில் கவனிக்க வேண்டியவை. உடனே 108ஐ அழையுங்கள். இத்தகையோருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படலாம். பயிற்சி செய்து பார்க்கலாம் என்று காலம் கடத்தக் கூடாது.

இவ்வறிகுறிகள் இல்லாதவர்களுக்குக் காலம் இருக்கிறது. தேவையெனில் மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. மூலம், தெரிவது தழும்பா, மீண்டும் பிதுங்கிய டிஸ்கா என்று பிரித்தறிய முடியும். படத்தில் தெரியும் தேய்மானம் அனைத்தும் வலிக்குக் காரணம் என்று அஞ்ச வேண்டியதில்லை. வலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்மானம் காணப்பட்டது. தலைநரைப்பதைப் போல முதுகும் வயதடைகிறது.

கத்தியின்றிக் கிடைக்கும் நிவாரணம்

முதலாவது நடை. ஜெகதளாவில் சமதரை கிடைப்பது அரிது. வீட்டுப் படியிலிருந்து இறங்கினால் சரிவு, திரும்பினால் ஏற்றம். செங்குத்தான இறக்கம் தளர்ந்த முதுகை உலுக்கும். எனவே தொடக்கத்தில் சமமான இடத்தில் நடக்க வேண்டும். காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம் போதும். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஒரு நிமிடம் கூட்டலாம். வலி குறைந்த நாளில் ஆசைப்பட்டு ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, அடுத்த மூன்று நாட்கள் படுக்கையில் கிடப்பதே பலர் செய்யும் பிழை. நல்ல நாளிலும் அளவு மீறாமல், வலி மிகுந்த நாளிலும் அடியோடு நிறுத்தாமல் நடப்பவரே முன்னேறுகிறார். ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடத்தி 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், முறையாக நடந்தவர்களுக்கு முதுகுவலி திரும்ப வந்த இடைவெளி நடக்காதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு நீண்டது. அது அறுவை செய்துகொண்டவர்களுக்கென நடந்த ஆய்வு அன்று. ஆயினும் செலவில்லாத இம்மருந்தின் வலிமையை அது காட்டுகிறது.

இரண்டாவது பயிற்சி. வயிறு, முதுகு, இடுப்பு ஆகியவற்றின் தசைகள் முதுகெலும்புக்கு இயற்கை தந்த பட்டை. கடையில் வாங்கும் பெல்ட்டை நாள் முழுவதும் கட்டிக்கொண்டால் அத்தசைகள் மேலும் சோம்பிவிடும். எந்தப் பயிற்சியை எப்போது தொடங்குவது என்பது செய்துகொண்ட அறுவையைப் பொறுத்தது; திருகாணி வைத்தவருக்கும் டிஸ்கை மட்டும் அகற்றியவருக்கும் ஒரே பயிற்சி ஆகாது. ஆகவே பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் நேரில் கற்று வீட்டில் தொடர்வதே முறை. நடமாட இயலாதோருக்கு 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்க வழியுண்டு. 2025 ஏப்ரலில் உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டுள்ளது. எல்லாவற்றிற்கும் மலையிறங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை இன்று மாறி வருகிறது.

மூன்றாவது அன்றாடப் பழக்கம். தண்ணீர்க் குடத்தை ஒரு பக்கம் இடுக்காமல் இரண்டு சிறு வாளிகளாகப் பிரித்து இரு கைகளிலும் எடுங்கள். துணியைத் தரையில் குந்தித் துவைக்காமல் மேடையில் வைத்துத் துவையுங்கள். கொழுந்து பறிக்கும் சகோதரிகள் கூடை நிறையும் வரை காத்திராமல், பாதி நிறைந்ததும் கொட்டிவிட்டு வருவது நலம். அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து நிற்பதும் வேண்டும். பேருந்தில் செல்வோர் கடைசி இருக்கையைத் தவிர்த்து நடுவில் அமருங்கள். கோவை வரை செல்வோர் மேட்டுப்பாளையத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்துவிட்டு அடுத்த பேருந்தில் ஏறலாம். நம் குளிரில் தசைகள் இறுகும். சுடுநீர்ப் பை இதமளிக்கும். ஆனால் மரத்துப்போன காலிலும், சர்க்கரை நோயாளியின் பாதத்திலும் அதை வைக்காதீர்கள். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

நான்காவது மருந்து. பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தேவைக்கேற்பச் சில நாட்களுக்கு மட்டும் மருத்துவர் தருவார். டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் கடையில் வாங்கித் தின்பவர்கள் வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகக் கோளாற்றையும் விலைக்கு வாங்குகிறார்கள். காலில் எரிச்சலும் மின்சாரம் பாய்வது போன்ற வலியும் உள்ளவர்களுக்கு அமிட்ரிப்டிலின், காபாபென்டின், ப்ரீகாபலின், டுலாக்ஸெட்டின் போன்ற நரம்பு மருந்துகளில் ஒன்றைத் தருவதுண்டு. இவை எல்லோருக்கும் பலிப்பதில்லை. தூக்கமும் தலைச்சுற்றலும் வரலாம். வாகனம் ஓட்டுவோர் இதை மருத்துவரிடம் கூறிவிட வேண்டும். பலனில்லை என்று திடீரென நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும். டிரமடால் போன்ற கடும் வலி மருந்துகள் பழக்கத்திற்கு அடிமையாக்கும் தன்மை உடையவை. அது 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. அடுத்த வீட்டுக்காரருக்கு எழுதித் தந்த மாத்திரையை அன்பின் காரணமாக நாம் பகிர்ந்துகொள்வது அன்பாகாது.

ஐந்தாவது ஊசியும் கருவியும். நரம்பைச் சுற்றி ஸ்டீராய்டு மருந்து செலுத்தும் எபிட்யூரல் ஊசி, கால்வலி மிகுந்த சிலருக்கு வாரங்களோ மாதங்களோ ஓய்வளிக்கிறது. அந்த ஓய்வைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்பவருக்கே அதனால் முழுப் பயன். தோலின் மீது ஒட்டி மெல்லிய மின்னதிர்வு தரும் டென்ஸ் என்ற சிறு கருவியும் உண்டு. வலிச் செய்தி மூளைக்குச் செல்லும் வழியில் தண்டுவடத்தில் ஒரு வாயில் இருக்கிறது, வேறு உணர்ச்சிகளால் அவ்வாயிலை ஓரளவு அடைக்கலாம் என்று மெல்ஸாக், வால் என்ற இரு அறிஞர்கள் 1965இல் கூறிய கருத்தின் அடிப்படையில் பிறந்தது அது. சிலருக்கு இதமளிக்கும், தீங்கு குறைவு. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தலாகாது.

ஆறாவது தூக்கமும் மனமும். வலி தூக்கத்தைக் கெடுக்கிறது. கெட்ட தூக்கம் வலியைக் கூட்டுகிறது. இனி என் வாழ்வு இவ்வளவுதான் என்ற அச்சம் உடலை அசைய விடாமல் செய்கிறது. அசையாத உடல் மேலும் வலிக்கிறது. இவ்வச்சத்தைப் போக்கும் மனநல ஆலோசனையும் சிகிச்சையில் ஒரு பகுதியே. மனநல மருத்துவரிடம் அனுப்பினால் பைத்தியம் என்று சொல்கிறார்கள் என எண்ணிக் கோபப்படாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட முதுகுவலிக்கென ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. குறிப்பிட்ட நோய்க்காரணம் காண இயலாத வலிக்காக எழுதப்பட்டதாயினும், நோயாளிக்கு விளக்கிச் சொல்லுதல், உடற்பயிற்சி, மனநல ஆலோசனை, குறுகிய கால மருந்து என்று அது கூறும் வழிகளே இங்கும் துணை நிற்கின்றன.

இரண்டாவது அறுவைக்கு முன்

நார்வே நாட்டில் 2006ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வை இங்குக் கூறியாக வேண்டும். டிஸ்க் அறுவை செய்துகொண்டபின்னும் வலி நீடித்த 60 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குத் திருகாணி வைத்து எலும்பை இணைக்கும் அறுவை செய்யப்பட்டது. மறுபிரிவினருக்கு, அஞ்சாமல் அசையலாம் என்று விளக்கிப் பயிற்சி தரப்பட்டது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு பிரிவினரும் ஓரளவு முன்னேறியிருந்தார்கள். இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 60 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். எனினும், நரம்பில் புதிய அழுத்தமோ எலும்பில் தளர்ச்சியோ இல்லாதபோது, இரண்டாம் முறை மேசையில் ஏறுமுன் பயிற்சி என்ற வழியை முழுமையாக நடந்து பார்த்துவிட வேண்டும் என்பதற்கு இது போதிய சான்று.

தண்டுவடத்தருகே மின்கம்பி பொருத்தும் கருவி பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அதைப் பொருத்துவதற்கும் சிறு அறுவை தேவை, விலையும் அதிகம். பலன் உண்டென்று கூறும் ஆய்வுகள் உள்ளன. அதே வேளையில், நார்வேயில் 50 பேரிடம் நடத்தி 2022இல் வெளியான ஆய்வில், ஒருவகைக் கருவியை இயக்கியபோதும் அவர்கள் அறியாமல் அணைத்து வைத்தபோதும் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே வீட்டை அடமானம் வைத்து அதை வாங்கத் துணியுமுன் இரண்டு நிபுணர்களிடமாவது கேளுங்கள்.

பெயரில்லாத பொட்டலங்களில் வரும் வலிப் பொடிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். முகம் வீங்கும்; சர்க்கரை ஏறும்; எலும்பு வலுவிழக்கும். மென்மையாக எண்ணெய் தேய்த்துவிடுவது தசைக்கு இதமளிக்கலாம். ஆனால் அறுவை செய்த முதுகைத் திருகிச் சொடுக்கவோ, மேலேறி மிதிக்கவோ எவரையும் அனுமதிக்காதீர்கள். ஹிஜாமா செய்துகொள்ள விரும்புவோர், இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவராகவோ சர்க்கரை நோயாளியாகவோ இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். அறுத்த தழும்பின் மீது செய்துகொள்ள வேண்டாம்.

தொழுகையும் நாற்காலியும்

பள்ளிவாசலில் நாற்காலியிட்டுத் தொழும் வாலிபரைச் சிலர் ஒருமாதிரியாகப் பார்ப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழ மார்க்கம் இடமளித்திருப்பதை நாம் அனைவரும் அறிவோம். படைத்தவன் தந்த சலுகையை நாம் பார்வையால் பறிக்கலாமா? அறுவைக்குப் பிந்திய முதல் வாரங்களில் ருகூஉம் ஸுஜூதும் முதுகுக்குச் சுமையாகலாம். எப்போது மீண்டும் குனியலாம் என்பதை மருத்துவரிடமும், அதுவரை எவ்விதம் தொழுவது என்பதை ஹஜ்ரத் அவர்களிடமும் கேட்டு அறிந்துகொள்ளலாம். வலி தேறத் தேறப் படிப்படியாகப் பழைய முறைக்குத் திரும்புவதும் ஒரு நல்ல பயிற்சியாகும்.

நமது கடமை

சகோதரர்களே! எங்கள் குழு சில வேண்டுகோள்களை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறது. பிசியோதெரபி பயிற்சிக்கான கட்டணத்தையும் பயணச் செலவையும் மருத்துவ உதவியில் சேர்க்கும் வகையில் விதியைத் திருத்த வேண்டும். இரண்டாவது முதுகு அறுவைக்கு உதவி கேட்போரை, அவசர நிலை தவிர, மற்றொரு நிபுணரிடம் அழைத்துச் சென்று கருத்துப் பெற்றபின்பே தொகை வழங்க வேண்டும். அழைத்துச் செல்லும் பொறுப்பு எங்களுடையது. பள்ளிவாசலை ஒட்டிய சமதரை அஸருக்குப் பின் நடைப்பயிற்சிக்குத் திறந்திருக்க வேண்டும். பெண்களுக்குக் காலை வேளையில் தனி நேரம் ஒதுக்க வேண்டும். கடையும் மண்டியும் வைத்திருக்கும் நம் பெரியோர்கள், மூட்டை தூக்க முடியாதவருக்கு உட்கார்ந்தும் எழுந்தும் செய்யும் வேலை ஒன்றை ஒதுக்கித் தர வேண்டும். இவை எதற்கும் ஒரு அறுவை சிகிச்சைக்கு ஆகும் செலவு ஆகாது.

அந்தச் சகோதரர் இப்போது எப்படி இருக்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். முழுமையாகக் குணமாகிவிட்டார் என்று கூறி உங்களை மகிழ்விக்க எங்களுக்கு ஆசைதான். ஆனால் அது உண்மையாகாது. குளிர் மிகுந்த மாலைகளில் இன்றும் அவருக்கு இடுப்பு கனக்கிறது. மூட்டை சுமக்கும் வேலைக்கு அவர் திரும்பவில்லை. ஐந்து நிமிடத்தில் தொடங்கிய நடை இன்று முப்பத்தைந்து நிமிடத்தை எட்டியிருக்கிறது. இரவில் விழிக்காமல் தூங்குகிறார். மண்டியில் எடை பார்த்துக் கணக்கெழுதும் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டாவது அறுவைக்கென நாங்கள் ஒதுக்கிய தொகை இன்னும் செலவாகாமல் கணக்கில் இருக்கிறது. அறிக்கையின் வரவுப் பக்கத்தில் நீங்கள் காண்பது அதுவே.

இதே வலியோடு இம்மஹல்லாவில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குச் சென்று நலம் விசாரியுங்கள். அவர்கள் வலிக்கிறது என்று கூறும்போது நம்புங்கள். மாலையில் பத்து நிமிடம் அவர்களோடு நடந்து வாருங்கள். பயிற்சிக்குச் செல்ல நூறு ரூபாய் கேட்டு வந்த ஒரு சகோதரரை வெறுங்கையோடு அனுப்பியதற்காக, அவர் அமர்ந்திருக்கும் இச்சபையிலேயே நாங்கள் அவரிடம் மன்னிப்புக் கோருகிறோம். நோயுற்ற அனைவருக்கும் வல்ல இறைவன் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.